மறு: ஒரே பெயரில் பல கிரேக்கப் பெண்கள்: என்ன சொல்லலாம்?

வணக்கம்.

> ‘பெயரொற்றுமை’ போதாதா?

எனக்கு ஒட்டவில்லை. அது நிலையைச் சொல்கிறது. நமக்கு வேண்டியது ஒரே பெயர் கொண்ட பல ஆட்களைக் குறிக்கும் தமிழ்ச் சொல். கிரேக்கத் தொன்மங்களில் வரும் கிரியூசாவையே பாருங்கள். ஏதென்ஸ் அரசன் எரெக்தியஸின் மகள், இயோனின் தாய், ஒருத்தி. டிராய் மன்னன் பிரியமின் மகள், ஈனியஸின் மனைவி, இன்னொருத்தி. டிராய் பற்றி எரிந்த இரவில் கணவன் பின்னால் நடந்து வந்த இவள் காணாமல் போனாள். கொரிந்தில், ஜேசன் கைவிட்ட மனைவி மெடியா அனுப்பிய நஞ்சாடையை உடுத்திக் கருகிச் செத்தவள் மூன்றாமவள். இவளையே கிளாக்கி என்றும் சொல்வார்கள். ஆக, இங்கே ஒருத்திக்கே இரண்டு பெயர்! ‘பெயரொற்றுமை’க்குள் இவளை எப்படி அடைப்பது?

(ஒரு வேடிக்கை: கிரேக்கத்தில் கிரியோன் என்றால் ‘ஆள்பவன்’, கிரியூசா அதன் பெண்பால். கொரிந்துக்காரியின் அப்பா பெயரும் கிரியோன்தான். அரசன் மகளுக்குப் பெயர் தேடி அலையாமல் ‘அரசி’ என்றே வைத்துவிட்டார்கள் போல.)

> நிகண்டில் ‘ஒருசொற் பல்பொருட்பெயர்’ இருக்கிறதே?

இருக்கிறது. ஒரே சொல்லுக்குப் பல பொருள் சொல்லும் பகுதி அது; சூடாமணி நிகண்டில் 11ஆம் தொகுதியே அதுதான். ஆனால் ‘மா’ என்பது மரமாகவும் குதிரையாகவும் வண்டாகவும் இருப்பது சொல்லின் சங்கதி. ஆட்களைப் ‘பொருள்’ என்பது இடிக்கிறது. அந்தச் சொல்லின் அமைப்பை மட்டும் எடுத்துக்கொண்டு ‘ஒருபெயர்ப் பல்லோர்’ என்றால்? கிளாக்கி விஷயத்துக்கு அப்படியே திருப்பிப் போட்டு, ‘பல்பெயர் ஒருவர்’.

பிரித்துக் காட்டப் புதுச்சொல் வேண்டாம், அடைமொழி போதும். ‘ஆரியப்படை கடந்த’, ‘தலையாலங்கானத்துச் செருவென்ற’ என்று நெடுஞ்செழியர்களைப் பிரித்தவர்கள்தானே நாம். கிரேக்கர்களுக்கு அப்பன் பெயர் அந்த வேலையைச் செய்தது: எரெக்தியஸின் மகள் கிரியூசா. யூரிடிசி என்ற பெயருக்கு மட்டும் கணவன் பெயர்தான் வசதி. ஆர்ஃபியஸின் மனைவியும், தீப்ஸை ஆண்ட இன்னொரு கிரியோனின் மனைவியும் அவள்கள்தான். (‘அவள்கள்’ என்று எழுத வைத்துவிட்டார்கள்!)

‘பல்லோர்’ செய்யுள் வாடை அடித்தால் ‘ஒருபெயர்ப் பலர்’ என்றாலும் சரி. சீக்கிரம் முடிவு சொல்லுங்கள். அடுத்து ஆன்டிகனி வரிசையில் நிற்கிறாள்: ஈடிப்பஸின் மகள், பீலியஸின் மனைவி, அப்புறம் ஹீரா செங்கால் நாரையாக்கிய டிராய்க்காரி.