ஈறுப் பைக்குள் ஜெல் வைப்பது: எங்கே பிசகுகிறது?

ஈறு சிகிச்சை நிபுணர், தஞ்சாவூர்:
ஈறு நோயில் பல்லுக்கும் ஈறுக்கும் இடையே ஆழமாகும் இடைவெளிதான் ஈறுப் பை (பாக்கெட்); அதற்குள் மருந்து ஜெல் வைப்பதுண்டு. "ஜெல் வைத்தும் பாக்கெட் ஆழம் குறையவில்லை" என்று வரும் கேஸ்களில் புரோபை (ஆழம் அளக்கும் மெல்லிய கருவி) வேரோடு ஒட்டி இறக்கினால் பெரும்பாலும் சொரசொரவென்று தட்டும். பற்காரை அப்படியே இருக்கிறது. அதன் மேல் கிருமிகள் படலமாக அடுக்கிக்கிடக்கின்றன. அந்தப் படலத்தைச் சுரண்டிக் கலைக்காமல் எந்த மருந்தை வைத்தாலும் உள்ளே இறங்காது. நம் பக்கம் வெற்றிலை போடுகிறவர்கள் அதிகம். கறையேறிக் கறுத்த காரையை வேரின் நிறம் என்று நினைத்து விட்டுவிடுவதும் நடக்கிறது. இதில் கண்ணை நம்பாதீர்கள், விரல் நுனிக்கு வரும் தட்டலை நம்புங்கள்.

ஸ்கேலிங் (காரை சுரண்டுவது), ரூட் பிளேனிங் (வேரை வழவழப்பாக்குவது) முடித்து 4 முதல் 6 வாரம் கழித்து மறுபடி அளக்க வேண்டும். 5 மி.மீ. அல்லது அதற்கு மேல் ஆழமிருந்து, புரோப் பட்டால் ரத்தமும் வருகிற இடங்களுக்கு மட்டும் ஜெல். அப்படிப்பட்ட இடங்கள் வாய் முழுக்க இருந்தால் அறுவை சிகிச்சையைப் பற்றிப் பேசுவதே நியாயம். சீழ் கோத்திருந்தால் முதலில் சீழை வெளியேற்றுங்கள்.

டென்டல் அசிஸ்டென்ட், கும்பகோணம்:
டாக்டர் சொன்னதோடு வைக்கும் முறையையும் சேர்க்கிறேன். குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி கலந்த சாந்தன் ஜெல்லுக்கு இது. காட்டன் ரோல் வைத்து எச்சிலைத் தடுத்து, பையைக் கழுவி, ஈறு விளிம்பை மெல்லக் காற்றடித்து உலர்த்துங்கள். முனை மழுங்கிய ஊசியை அடி தட்டும்வரை இறக்கி, அரை மி.மீ. மேலே எடுத்து, அதன் பிறகே அழுத்துங்கள். ஜெல் ஏற ஏற ஊசியும் கூடவே மேலே வர வேண்டும். விளிம்பில் ஜெல் எட்டிப்பார்த்தால் நிறுத்திவிடலாம். பையின் வாயிலேயே ஊசியை வைத்து அழுத்தினால் உள்ளே காற்று அடைபட்டு ஜெல் வெளியே வழியும். பார்ப்பதற்கு நிறைந்த மாதிரிதான் இருக்கும். கடைவாய்ப் பல்லின் பின்பக்கத்தில் இது அடிக்கடி ஆகிறது. ஊசியை முன்கூட்டியே வளைத்துக்கொண்டால் கை எட்டும்.

மருந்தாக்கவியல் ஆசிரியர், திருவாரூர்:
ஒரு திருத்தம். உலர்த்துவது எல்லா ஜெல்லுக்கும் பொருந்தாது. 10% டாக்ஸிசைக்ளின் ஜெல் ஈரம் பட்டால்தான் இறுகும். அதைக் கலப்பதும் தனி வேலை: பாலிமர் திரவம் ஒரு சிரிஞ்சில், 50 மி.கி. மருந்துத் தூள் இன்னொன்றில். இரண்டையும் இணைத்து 100 தடவை முன்னும் பின்னும் தள்ள வேண்டும். அவசரத்தில் குறைத்தால் தூள் திரண்டு கேனுலாவை (சிரிஞ்சின் மழுங்கிய ஊசிக்குழாய்) அடைக்கும். வைத்தபின் ஜெல் ஊசியோடு இழுபட்டு வந்தால், ஈரமான கருவியின் பின்பக்கத்தால் அமுக்குங்கள். உலர்ந்த கருவி என்றால் அதிலேயே ஒட்டிக்கொள்ளும்.

25% மெட்ரோனிடசோல் ஜெல்லில் கிளிசரில் மோனோ ஒலியேட்டோடு நல்லெண்ணெய் சேர்கிறது. அதுவும் பைக்குள் நீர் பட்டதும் கெட்டியாகும். ஒரு வாரம் விட்டு இரண்டாம் முறை வைப்பது வழக்கம். எள் ஒவ்வாமை உண்டா என்று முன்பே கேட்டுவிடுங்கள்.

பொலாக்ஸமர் 407 ஜெல் குளிரில் நீராகவும் உடல் சூட்டில் ஜெல்லாகவும் இருக்கும். அக்னி நட்சத்திரத்தில் கரன்ட் போய் அறை 35 டிகிரியைத் தாண்டினால் சிரிஞ்சிலேயே உறைந்துவிடும். பலம் கொடுத்துத் தள்ளினால் ஊசி கழன்று தெறிக்கும். தள்ளாமல் ஐஸ் பெட்டியில் வைத்தால் மறுபடி இளகும்.

இவ்வளவு பாடுபடுவதற்குக் காரணம் உண்டு. 5 மி.மீ. பைக்குள் ஈறுநீர் (ஈறிலிருந்து கசியும் நீர்) மணிக்கு சுமார் 40 தடவை மாறுகிறது. வெறும் கரைசல் ஊற்றினால் சில நிமிடங்களில் போய்விடும். 1979-இல் ஆய்வாளர் குட்சனின் குழு டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் நிரப்பிய இழைகளைப் பைக்குள் வைத்துக் காட்டியது மருந்தை அங்கேயே தங்கவைக்கத்தான்.

பல் மருத்துவர், மன்னார்குடி:
மெடிக்கலில் டியூப் ஜெல் வாங்கி விரலால் ஈறில் தேய்த்துவிட்டு, "நானும் ஜெல் போட்டேன் டாக்டர்" என்கிறார்கள். அது விளிம்போடு நின்றுவிடும், ஆழமான பையின் அடியைத் தொடாது. இதைக் கண்ணாடி கொடுத்து, புரோப் இறங்கும் ஆழத்தைக் காட்டிச் சொன்னால் உடனே புரிந்துகொள்கிறார்கள்.

சுத்தம் செய்ததால் கிடைக்கும் பலனுக்கு மேல், ஜெல்லால் கூடுவது சராசரியாக அரை மி.மீ. அளவுதான். காசு வாங்கும் முன்பே இதைச் சொல்லிவிட வேண்டும். புகையிலையை விடாதவர்களுக்கும் சர்க்கரை கட்டுப்படாதவர்களுக்கும் அதுவும் குறையும். எச்பிஏ1சி (சுமார் மூன்று மாத சர்க்கரைச் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்க்காமல் ஆரம்பிக்காதீர்கள். கர்ப்பிணிகளுக்கும் டெட்ராசைக்ளின் வகை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் டாக்ஸிசைக்ளின், மினோசைக்ளின் வேண்டாம்.

வீட்டுக்கு அனுப்பும்போது: ஒரு மணி நேரம் சாப்பிடவோ கொப்பளிக்கவோ கூடாது. அன்றைக்கு அந்த இடத்தில் பிரஷ் படக் கூடாது. ஒரு வாரம் அந்தப் பக்கம் முறுக்கு, சீடை, கடலைமிட்டாய் கிடையாது. பல்லிடுக்கில் நூலோ குச்சியோ விடக் கூடாது. மற்ற பற்களை வழக்கம்போல் துலக்கச் சொல்லுங்கள். அதைச் சொல்லாவிட்டால் சிலர் வாய் முழுக்கத் துலக்குவதையே நிறுத்திவிடுகிறார்கள்.