அப்டேட்: ஃபோல்டர் திறந்ததுக்கு ஹேக்கிங் கேஸ்

வேலைய விடறதுக்கு முந்தின வாரம் என் லாகின்லயே ஒரு ஃபோல்டர காப்பி பண்ணதுக்கு, அனுமதியில்லாம கம்ப்யூட்டர்ல நுழைஞ்சேன்னு கேஸ் போட்டாங்கன்னு சொன்னேன்ல, அதோட அப்டேட் இது.

வக்கீல் 2021 வான் பியூரன் தீர்ப்பத்தான் கெட்டியா புடிச்சிருக்காரு. காசு வாங்கிட்டு நம்பர் பிளேட் டேட்டாபேஸ்ல தேடின போலீஸ்காரர் கேஸ் அது, அவருக்கு உள்ள போக உரிமை இருந்துச்சு, நோக்கம் தப்புங்கறதுக்காக மட்டும், அனுமதியில்லாம கம்ப்யூட்டர்ல நுழையறதுக்கு எதிரான 1986 சட்டத்துல குத்தம் ஆகாதுன்னு அமெரிக்க சுப்ரீம் கோர்ட் 6-3ன்னு சொல்லிருச்சு. அதாவது கதவு நமக்கு திறந்திருந்துச்சா பூட்டியிருந்துச்சா, அவ்ளோதான் கேள்வி. அந்த ஃபோல்டர யாரெல்லாம் திறக்கலாம்னு இருக்கற பர்மிஷன் லிஸ்ட் ஸ்க்ரீன்ஷாட்ல மூணாவது வரியில என் பேரு இருக்கு!

ரகசிய ஒப்பந்தத்த மீறினேன்னு சிவில் கேஸ் தனியா வரலாமாம், அது வேற தலைவலி. லேப்டாப்ப ஃபார்மட் பண்ணிடவான்னு கேட்டேன், மனுஷன் கத்திட்டாரு, ஆதாரத்த அழிச்சா அதுவே தனி குத்தமாம்.