மெடிக்கலில் அன்ஃபிட்: நம்ம பக்கத்து அனுபவங்கள்

பெரியபட்டினத்திலிருந்து:

என் தம்பிக்குச் சின்ன வயதிலேயே காசநோய் வந்தது. ஆறு மாதம் ஒரு நாள் விடாமல் மாத்திரை சாப்பிட்டான். சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை என்று வந்ததும், குணமாகிவிட்டதாக அரசு மருத்துவமனையில் எழுதியே கொடுத்தார்கள்.

அப்புறம் சவூதி விசா வந்து, மெடிக்கலுக்குச் சென்னை போனான். எக்ஸ்ரேயில் வலது நெஞ்சின் மேல்பக்கம் நகத்தளவு வெளுப்பாக ஒரு தழும்பு. "பழசுதான் தம்பி, ஆனா அங்கே எடுத்துக்க மாட்டாங்க" என்றாராம் டாக்டர். அன்ஃபிட். ஆறிப்போன தழும்பிலிருந்து யாருக்கும் நோய் தொற்றாது. ஆனாலும் வளைகுடா விதிக்கு நோயும் தழும்பும் ஒன்றுதான். நம் சட்டம் அங்கே செல்லாது, சரி.

உள்ளூரில் நடந்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. சேதி பரவி, ஒரு இறால் கம்பெனியில் வேலை கேட்டுப் போனவனை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். "நீ தொட்ட சரக்கை யார் வாங்குவா?" என்று கேட்டிருக்கிறார் சூப்பர்வைசர். காசநோய் காற்றில் பரவுவது, இறாலில் இல்லை. அதுவும் இவன் குணமானவன்! நீட்டிய சான்றிதழை அவர் கையில்கூட வாங்கவில்லை. "லாத்தா (அக்கா), இனி யார்கிட்டயும் இந்தப் பேப்பரைக் காட்ட மாட்டேன்" என்கிறான்.

வெளிநாடு கிளம்புகிறவர்களுக்கு ஒன்று. முன்பு காசநோய்க்கு மருந்து சாப்பிட்டிருந்தால், ஏஜெண்டிடம் பணம் கட்டும் முன்னால் உள்ளூரில் நெஞ்சு எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். கடன் வாங்கிக் கட்டிய காசு திரும்புவதில்லை.

தொண்டியிலிருந்து:

லாத்தா, படித்ததும் மனசு கனத்துப்போச்சு. நர்சிங் முடித்த என் தங்கையிடம் ஒரு தனியார் மருத்துவமனையில், எச்ஐவி பரிசோதனை ரிசல்ட் வந்தால்தான் ஆர்டர் என்றார்கள். வேலைக்கு அதை நிபந்தனையாக்கக் கூடாது என்று 2017-லேயே சட்டம் போட்டு, 2018 செப்டம்பரில் அமலுக்கும் வந்துவிட்டது. அந்தப் பக்கத்தை அச்செடுத்துக் கொண்டுபோய் மேசையில் வைத்தாள். மேலாளர் இரண்டு தடவை படித்துவிட்டு, சீட்டில் அந்த ஒரு வரியைப் பேனாவால் அடித்தார். அவளுக்கு மட்டும்தான் அடித்தார். கூட வந்த பெண்கள் பரிசோதனைக்குப் போனார்கள். இப்படி யாராவது கேட்டால் 1097 என்ற எய்ட்ஸ் உதவி எண்ணுக்குக் கூப்பிட்டு விவரம் கேளுங்கள், கட்டணம் கிடையாது.

மண்டபத்திலிருந்து:

தம்பியைப் பேப்பரை ஒளிக்க விடாதீர்கள். ஒவ்வொரு மாவட்டத்திலும் காசநோய்க்கென்று துணை இயக்குநர் இருக்கிறார். ராமநாதபுரம் அலுவலகத்தில் சிகிச்சை அட்டையைக் காட்டி, இவரால் தொற்று இல்லை, வேலை செய்யலாம் என்று எழுதித் தரக் கேளுங்கள். அதை சூப்பர்வைசரிடம் கொடுக்க வேண்டாம், நேரே முதலாளியிடம் கொடுங்கள். துணைக்கு ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன்.