“அக்கா, காலை விடுங்க” என்றது யார்? விடுதலை ஜெபத்தில் நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள்

நாசரேத்_மருமகள்

எட்டு வருஷம் ஆகிறது, இன்னும் மனசில் கிடந்து உறுத்துகிறது, அதனால் எழுதுகிறேன். நாசரேத் பக்கம் ஒரு கிராமம், மாமியார் வீட்டுத் தெரு. நாலு வீடு தள்ளி ஒரு பெண், பத்தொன்பது வயது, காலேஜ் இரண்டாம் வருஷம். ஒரு மாதமாகச் சாப்பாடு இறங்கவில்லை, ராத்திரி எழுந்து போய்க் கிணற்றடியில் உட்காருகிறாள், பெற்ற அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள். ஊரில் என்ன சொல்லியிருப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். எங்கள் சபைப் போதகர், ஐயர் என்போம், வந்து சங்கீதம் வாசித்து ஜெபித்துவிட்டு, பாளையங்கோட்டையில் டாக்டரிடம் காட்டுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அது யாருக்கும் பிடிக்கவில்லை. வெளியூரிலிருந்து பிசாசு துரத்துகிற ஒரு ஊழியக்காரரை வரவழைத்தார்கள்.

ராத்திரி எட்டு மணிக்குப் பாட்டு, கைதட்டல், அப்புறம் எண்ணெய். அவள் அலற ஆரம்பித்ததும் “ரெண்டு சகோதரிகள் காலைப் பிடிங்க” என்றார். அதில் நான் ஒருத்தி, இடது கால். நாலு பேர் பிடித்தும் அடங்காத பலம், அதைப் பொய் என்று சொல்லமாட்டேன். உன் பேர் என்ன, எப்போ வந்தாய் என்று அவர் அதட்டிக் கேட்க, பக்கத்து ஊரில் முன்னே எப்போதோ தூக்குப் போட்டுக்கொண்ட ஒருத்தியின் பெயர் வந்தது. இயேசுவின் நாமத்தில் வெளியே போ என்று எல்லாரும் தொண்டை கிழியக் கத்துகிறோம். அந்தச் சத்தத்துக்கு நடுவில் அவள், நழுவிக் கிடந்த துப்பட்டாவை எடுத்து இரண்டு பக்கமும் சரியாக இழுத்துப் போட்டுக்கொண்டாள். போட்டுக்கொண்டு என்னைப் பார்த்து, தினமும் தெருவில் பேசுகிற அதே குரலில், “அக்கா, காலை விடுங்க, வலிக்குது” என்றாள்.

“விடாதீங்க, தந்திரம் பண்ணுது” என்றார் ஊழியக்காரர். நான் விடவில்லை. இன்னும் அழுத்திப் பிடித்தேன்.

ஒன்றரை மணிக்குப் பிசாசு போய்விட்டது என்றார்கள், ஸ்தோத்திரம் சொல்லிக் கலைந்தோம். வீட்டுக்கு வந்து கை கழுவும்போது பார்த்தால் என் உள்ளங்கையில் அவள் கொலுசின் திருகாணி பதிந்து ரத்தம் கட்டியிருக்கிறது. என் கையே இப்படி என்றால் அவள் கால்?

பிசாசே இல்லை என்று சொல்ல வரவில்லை. பிசாசையும் அவன் கிரியைகளையும் வெறுத்துவிடுகிறேன் என்று சபை முன்னால் நின்று சொன்னவள்தான் நானும். அந்த ஒரு நிமிஷம் என்னிடம் பேசியது யார், அது மட்டும்தான் எனக்குத் தெரிய வேண்டும். உங்களுக்கு இந்த மாதிரி ஏதாவது நடந்ததா?

அந்தோனியார்_பேரன்

நாங்கள் கத்தோலிக்கர். நீங்கள் பிசாசு என்பதை வீட்டில் பேய் என்போம், 1995ல் வந்த பொது மொழிபெயர்ப்பில் அலகை என்று போட்டிருக்கிறார்கள், எங்கள் பாட்டிக்கு அந்தச் சொல் கடைசிவரை வாயில் நுழையவில்லை.

பாட்டி என்னைச் செவ்வாய்க்கிழமைகளில் புளியம்பட்டி அந்தோனியார் கோயிலுக்குக் கூட்டிப்போவார். தலைவிரித்து ஆடுகிறவர்களைப் பார்த்துப் பயப்பட வேண்டும் என்று அங்கே யாரும் சொல்லித்தருவதில்லை, அவர்கள் பாட்டுக்கு ஆடுவார்கள், நாங்கள் பாட்டுக்குக் கோயில் விருந்தான அசனம் சாப்பிடுவோம். ஒருநாள் ஒரு அம்மா, எங்கள் அம்மா வயதுதான் இருக்கும், தூணைச் சுற்றிச் சுற்றி ஓடி நெற்றியை இடித்துக்கொண்டிருந்தார். பூசைக்கு மணி அடித்தது. சட்டென்று நின்றார், முடியை அள்ளிக் கொண்டை போட்டார், முக்காடு இழுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “எந்த ஊரு தம்பி?” என்றார். சொன்னேன். பூசை முடிகிறவரை அமைதியாக இருந்து நன்மை (நற்கருணை) வாங்கினார், முடிந்ததும் எழுந்துபோய் மறுபடியும் தூணைப் பிடித்துக்கொண்டார். நடிப்பு என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் பேய்க்கு இடைவேளை உண்டா?

சகோதரி, ஒன்று கேட்கிறேன், அந்த ஊழியக்காரருக்கு யார் அனுமதி கொடுத்தது? எங்கள் திருச்சபைச் சட்டத்தில் 1172ஆம் பிரிவு இருக்கிறது, ஆயர் வெளிப்படையாக அனுமதி தராமல் ஒரு குருவானவர்கூட முறைப்படி பேயோட்ட முடியாது. 1999ல் திருத்தி வந்த பேயோட்டும் சடங்கு முறை, முதலில் இது நோயா என்று பார் என்கிறது. பேயிடம் நேராகப் பேசி நீ யார் என்று விசாரிக்கிற கூட்டங்களை அனுமதி இல்லாதவர்கள் நடத்தக் கூடாது என்று 1985லேயே வத்திக்கானிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. செத்தவள் பெயரைக் கேட்டு வாங்கி ஊருக்கு நடுவில் வைத்தால், அந்தச் செத்தவளின் வீட்டார் மறுநாள் எப்படித் தெருவில் நடப்பார்கள்?

முழங்கால்_ஜெபம்

ஆயரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டா சீஷர்கள் போனார்கள்? நம்மைப் பின்பற்றாத ஒருவன் பிசாசு துரத்துகிறான் என்று யோவான் வந்து புகார் சொன்னபோது ஆண்டவர் தடுக்க வேண்டாம் என்றார், மாற்கு 9 எடுத்துப் பாருங்கள். பெயர் கேட்கக் கூடாதாம். கதரேனர் நாட்டில் உன் பேர் என்ன என்று கேட்டவர் யார்? லேகியோன் என்று பதில் வந்ததா இல்லையா?

என் சாட்சி சின்னது. எங்கள் வீட்டில் மூன்று வருஷம் தொடர்ந்து நஷ்டம், கடையை மூடும் நிலை. செப்டிக் டேங்க் தோண்டும்போது இரண்டடியில் ஒரு சின்ன பாட்டில், வாயில் மெழுகு, உள்ளே சுருட்டிய செப்புத் தகடு, கொஞ்சம் முடி. தோண்டிய ஆள் மண்வெட்டியைப் போட்டுவிட்டு மேலே ஏறிவிட்டான், கூலியும் கேட்கவில்லை. பாஸ்டர் வந்து ஜெபித்து எரித்தார். அந்த முடியின் வாசனை இன்றைக்கும் சில நேரம் திடீரென்று மூக்கில் வரும்.

சகோதரிக்குச் சொல்கிறேன், தவறாக நினைக்க வேண்டாம். சாத்தான் ஒளியின் தூதனுடைய வேஷத்தையே போடுவான் என்று பவுல் எழுதியிருக்கும்போது, பக்கத்து வீட்டுப் பெண்ணின் குரல் போடுவது அவனுக்கு எம்மாத்திரம்? நீங்கள் விடாமல் பிடித்தது சரி. இப்போது உங்களை உறுத்துவதும் அவன்தான், குற்றப்படுத்துகிறவன் என்றே அவனுக்குப் பெயர். முதலில் மூன்று நாள் உபவாசம் எடுங்கள், முடியாவிட்டால் மத்தியானம் வரையாவது. வீட்டில் பழைய ஆட்கள் கொடுத்த கயிறு, தாயத்து, நகைப்பெட்டி அடியில் கிடக்கும் விபூதிப் பொட்டலம் எல்லாவற்றையும் தேடி எடுத்துப் போடுங்கள். உப்பு போடுவது, எலுமிச்சம்பழம் கட்டுவது எல்லாம் விசுவாசத்தில் இல்லாதவர்கள் முறை, சில விசுவாசிகளே செய்கிறார்கள், கூடாது. எபேசியர் 6ல் வருகிற சர்வாயுதவர்க்கத்தை, அதாவது தேவன் தரும் ஆயுதங்களை, காலையில் எழுந்ததும் ஒவ்வொன்றாகச் சொல்லித் தரித்துக்கொள்ளுங்கள், சத்தமாகச் சொல்ல வேண்டும், மனசுக்குள் சொன்னால் போதாது. பிள்ளைகள் செல்போனில் என்ன பார்க்கிறார்கள் என்று கவனியுங்கள். ராத்திரி பன்னிரண்டிலிருந்து மூன்று வரை விழித்து ஜெபிக்கப் பழகுங்கள், முதல் வாரம் தூக்கம் தள்ளும், அப்புறம் சரியாகிவிடும்.

வார்டு_ராத்திரி

மனநலப் பிரிவில் நர்ஸாக இருக்கிறேன், பெந்தெகொஸ்தே சபைதான், அதனால் என்னை அவிசுவாசி என்று ஒதுக்கிவிட முடியாது. மேலே சகோதரர் சொன்ன “பன்னிரண்டு முதல் மூன்று” கேட்டதும் வயிறு கலங்கியது. ஏற்கெனவே தூக்கமில்லாமல் தவிக்கிறவர்களை இன்னும் விழிக்கவைத்துத்தான் பாதிப்பேரை எங்களிடம் கொண்டுவருகிறார்கள்.

ஒரு அம்மா தன் மகனைக் கூட்டிவந்தார், இருபத்திரண்டு வயது. நெற்றியில் எண்ணெய் காய்ந்து பிசுபிசுப்பாக இருந்தது. எத்தனை நாளாக மாத்திரை போடவில்லை என்று கேட்டேன். அம்மா பதில் சொல்லவில்லை, பையிலிருந்து வேதாகமத்தை எடுத்து விரித்தார். நடுவில் மாத்திரை அட்டைகள், ஒன்றுகூடப் பிரிக்கவில்லை, பக்கத்துக்கு ஒன்றாகத் தட்டையாக அடுக்கி வைத்திருக்கிறார். போட்டால் விசுவாசம் இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள், தூக்கிப் போடவும் மனசு வரவில்லை, கர்த்தர் பார்த்துக்கொள்ளட்டும் என்று அவர் வார்த்தைக்குள்ளேயே வைத்துவிட்டேன் சிஸ்டர் என்றார். அந்தக் காகிதத்தில் அட்டையின் வட்ட வட்டத் தடம் பதிந்திருந்தது. அந்தப் பையன் ஐந்து வாரத்தில் நன்றாகிப் போனான், அடுத்த வருஷம் மறுபடி நிறுத்திவிட்டார்கள், அதற்கு மேல் எழுத எனக்குத் தெம்பில்லை.

மத்தேயு 4:24ஐப் பாருங்கள். பிசாசுபிடித்தவர்கள், சந்திரரோகிகள் (வலிப்பு நோயாளிகள்), திமிர்வாதக்காரர் (முடக்குவாதம் வந்தவர்கள்) என்று மூன்றாகப் பிரித்துத்தான் எழுதியிருக்கிறது. அந்தக் காலத்திலேயே ஒன்றையும் மற்றொன்றையும் குழப்பவில்லை. 2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடி தர்காப் பக்கம் மனநோயாளிகளைக் கட்டிவைத்திருந்த கொட்டகை தீப்பிடித்தபோது 28 பேர் ஓட முடியாமல் செத்தார்கள், காலில் சங்கிலி. அது நம் மதம் இல்லையே என்று சொல்லாதீர்கள், காலைப் பிடித்துக்கொள்வது எல்லா மதத்திலும் இருக்கிறது.

ஹாஸ்டல்_ஞாபகம்

யாரும் யாரையும் அடிக்காதீர்கள். எனக்கு நடந்தது இதுதான். ஹாஸ்டலில் விடியற்காலை, கண் திறந்திருக்கிறது, மின்விசிறி சுற்றுவது தெரிகிறது, நெஞ்சின்மேல் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள். எங்கள் ஊரில் அமுக்குவான் பேய் என்பார்கள். இயேசுவின் இரத்தம் ஜெயம் என்று சொல்ல வாயைத் திறக்கிறேன், “இ” கூட வரவில்லை, நாக்கு கல். தூக்கத்தில் கனவு வரும் நேரத்தில் உடம்பு அசையாமல் பூட்டியிருக்கும், மூளை முன்னால் விழித்துவிட்டால் இப்படித்தான் என்று பின்னால் டாக்டர் சொன்னார், மல்லாந்து படுக்காதே என்றார். ஒருக்களித்துப் படுக்கிறேன், குறைந்துவிட்டது. ஆனாலும் படுக்கும்போது அந்த ஒரு வரியைச் சொல்லிவிட்டுத்தான் படுக்கிறேன். ஏன் என்று கேட்காதீர்கள்.

கடற்கரை_ரோடு

எல்லாரும் அலறுகிற பிசாசைப் பற்றியே பேசுகிறீர்கள். என்னிடம் வந்தது சத்தமே போடவில்லை. ஆன்லைன் ரம்மி. பெரிய வெள்ளி, பன்னிரண்டிலிருந்து மூன்று மணி ஆராதனை, கோயில் நிறைந்து வெளியே பந்தலிலும் ஆள். நான் கடைசி வரிசை, பாட்டுப் புத்தகத்துக்குள் போனை வைத்து ஆடிக்கொண்டிருக்கிறேன். இயேசு சிலுவையில் சொன்ன ஐந்தாம் வார்த்தை, தாகமாயிருக்கிறேன், பிரசங்கம் நடக்கிறது. அந்த நேரம் பார்த்து 1,800 ரூபாய் ஜெயித்தேன். இரண்டு லட்சத்துக்கு மேல் விட்டவன் நான், தோற்றிருந்தால் வழக்கம்போல இருந்திருக்கும், எழுந்து போய்த் தண்ணீர் குடித்திருப்பேன். ஜெயித்ததும் உடம்பு முழுக்கச் சில்லிட்டுவிட்டது. யாரோ பக்கத்தில் உட்கார்ந்து, சபாஷ், இப்படியே இரு என்று தட்டிக்கொடுத்த மாதிரி. திரும்பிப் பார்த்தேன் என்றால் நம்புவீர்களா? பக்கத்தில் ஒரு தாத்தா தூங்கிக்கொண்டிருந்தார்.

பிசாசைக் கெர்ச்சிக்கிற சிங்கம் என்று பேதுரு எழுதியிருக்கிறார், எனக்கு அது கர்ஜிக்கவே இல்லை. உடனே விட்டேன் என்று சாட்சி சொல்ல ஆசைதான், அதற்கப்புறமும் ஏழெட்டு மாதம் ஆடினேன். மனைவியிடம் போனைக் கொடுத்து பேங்க் கார்டையும் கொடுத்த பிறகுதான் நின்றது. தரிசனம் எதுவும் இல்லை, ஜெபம் உண்டு, ஆனால் பட்டன் போன் முக்கிய காரணம்.

முழங்கால்_ஜெபம்

இது மாம்சத்தின் இச்சை சகோதரரே, பிசாசு பிடித்தது அல்ல. தலைப்பை விட்டு வெளியே போகிறோம். நர்ஸ் சகோதரிக்கு: நான் மாத்திரையை நிறுத்தச் சொன்னேனா? எங்கே சொன்னேன்? என் அம்மாவே பிரஷர் மாத்திரை போடுகிறார்.

அந்தோனியார்_பேரன்

மாற்கு 9 சொன்னவர் அப்போஸ்தலர் 19ஐயும் சொல்லியிருக்கலாம். ஸ்கேவாவின் ஏழு பிள்ளைகள் பிசாசு துரத்தப் போனார்கள், அது “இயேசுவை அறிவேன், பவுலையும் அறிவேன், நீங்கள் யார்” என்று கேட்டு அடித்த அடியில் துணியில்லாமல் ஓடினார்கள். அனுமதி இல்லாமல் போனால் அதுதான்.

வார்டு_ராத்திரி

பிரஷருக்குப் போடலாம், மூளைக்குப் போடக் கூடாதா? நீங்கள் சொல்லவில்லை, சரி. உங்கள் கூட்டத்தில் யாராவது சொல்லும்போது எழுந்து நின்று தடுத்திருக்கிறீர்களா? அது ஒன்றுதான் கேட்கிறேன்.

நாசரேத் சகோதரி, நீங்கள் கேட்டதை விட்டுவிட்டு நாங்கள் சண்டை போடுகிறோம். அந்தப் பெண் இப்போது எப்படி இருக்கிறாள்?

நாசரேத்_மருமகள்

எல்லாவற்றையும் படித்தேன். உபவாசம் எடுக்கச் சொன்ன அண்ணன் அன்பாகத்தான் சொல்கிறார், கோபமில்லை. ஆனால் நான் செய்தது சரி என்று நீங்கள் சொன்னபோது நிம்மதி வரவில்லை, அதுதான் ஆச்சரியம்.

முதலில் எழுதும்போது ஒன்றை விட்டுவிட்டேன். அந்தச் சமயம் அவளுக்கு அத்தை மகனுக்கு நிச்சயம் பேசியிருந்தார்கள், அவளுக்கு இஷ்டமில்லை என்று தெருவில் பெண்களுக்கெல்லாம் தெரியும், எனக்கும் தெரியும். கிணற்றடியில் ஏன் உட்கார்ந்திருக்கிறாய் என்று நாங்கள் ஒருத்தரும் அவளிடம் கேட்கவில்லை. அன்றைக்குப் பிறகு அவள் அலறவில்லை, அதனால் விடுதலை என்று சபையில் சாட்சி சொன்னார்கள். நிச்சயம் மட்டும் நடக்கவில்லை, மாப்பிள்ளை வீட்டார் விஷயம் கேள்விப்பட்டு விலகிவிட்டார்கள். அப்புறம் படிப்பை முடித்து இப்போது கோயம்புத்தூரில் வேலை.

போன அசனப் பண்டிகைக்கு வந்திருந்தாள். பந்தியில் எதிர் வரிசை. நன்றாகத்தான் சிரித்துப் பேசினாள், குழம்பு வாளியோடு நான் வந்ததும் “அக்கா, கொஞ்சம் போதும்” என்றாள். குனிந்து ஊற்றும்போது என் கண் போனது அவள் காலுக்கு. சுடிதார் பாதம்வரை இறங்கியிருந்தது, ஒன்றும் தெரியவில்லை. இலை நிறைந்து குழம்பு வெளியே ஓடிவிட்டது, “போதும் அக்கா, விடுங்க” என்று அவள் கையால் தடுத்தாள்.