மதுரையைச் சுற்றி அமைதியாக உட்கார ஓர் இடம்: உங்கள் அனுபவங்களைச் சொல்லுங்கள்

தெற்குவாசல்:

மதுரையில் இருந்துகொண்டு "எங்கயாவது அமைதியாப் போய் உட்காரணும்" என்று சொன்னால் எல்லாரும் கொடைக்கானலைத்தான் கை காட்டுகிறார்கள். மலைப்பாதை முழுக்க வண்டி வரிசை, அறைக்கு விடுமுறை நாள் வாடகை, ஏரியைச் சுற்றிக் கூட்டம். எதிலிருந்து விலகிப் போக நினைத்தோமோ அதெல்லாம் நமக்கு முன்னாலேயே அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது.

நான் வேலை பார்ப்பது தெற்குமாசி வீதிப் பக்கம், ஒரு மொத்த வியாபாரக் கடையில். காலையில் சரக்கு இறங்குகிற சத்தத்தில் தொடங்கி இரவு ஷட்டர் இறக்கும்வரை காதுக்கு ஓய்வே கிடையாது. ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தான் கையில் இருக்கும். அதற்குள் மலையேறி இறங்கி வருவதெல்லாம் நடக்காது. அதனால் முக்கால் மணி நேரம் வண்டி ஓட்டினால் போய்ச் சேரக்கூடிய இடங்களாகத் தேட ஆரம்பித்தேன். நுழைவுச் சீட்டு கொடுக்கும் பூங்காக்களை விட, ஓர் ஊர் தனக்குச் சொந்தம் என்று நினைத்துக் காப்பாற்றி வைத்திருக்கும் இடங்களில்தான் மனசுக்கு நிம்மதி கிடைத்தது. இதை இங்கே எழுதுவதற்குக் காரணமே அதுதான்.

அப்படிப்பட்ட இடங்களில் எனக்கு முதல் இடம் அரிட்டாபட்டி. மேலூர் போகிற நான்குவழிச் சாலையிலிருந்து இடது பக்கம் பிரிந்து உள்ளே போக வேண்டும். மதுரையிலிருந்து ஏறக்குறைய 25 கிலோமீட்டர். சாலையை விட்டு விலகியதுமே ஹார்ன் சத்தம் அடங்கிவிடும். வயல், தென்னை, கண்மாய், அதற்குப் பின்னால் மொட்டைப் பாறையாக எழும் குன்றுகள். மொத்தம் ஏழு குன்றுகள். அங்கே மழை பெய்தால் பாறை உறிஞ்சாது, வழித்து விடும். அந்தத் தண்ணீரைப் பிடித்து வைக்கத்தான் அடிவாரம் முழுக்க ஏரி, குளம், கண்மாய் என்று வெட்டியிருக்கிறார்கள். அரசுக் கணக்கில் 72 நீர்நிலைகளும் 200 சுனைகளும் இருக்கின்றன. ஆனைகொண்டான் கண்மாய்க் கரையில் நின்று பார்த்தால் குன்று முழுசாகத் தண்ணீரில் தெரியும்.

2022ல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக இந்த ஊரை அறிவித்தார்கள். 250 வகைப் பறவைகள், தேவாங்கு, எறும்புத்தின்னி, மலைப்பாம்பு எல்லாம் இருக்கும் இடம். பாறைச் சரிவில் லகர் வல்லூறும் ஷாஹீன் வல்லூறும் கூடு கட்டுகின்றன. எனக்குப் பறவை பெயர் எதுவும் தெரியாது. வல்லூறை எனக்குக் காட்டியவர் அந்தப் பக்கம் ஆட்டுக்கிடை போட்டிருந்த ஒரு கீதாரி.

அறுவடை முடிந்த வயலில் ஆட்டை மறித்துவிட்டு, பனை நிழலில் உட்கார்ந்திருந்தார். நான் பாட்டுக்குப் பாறையைப் பார்த்துக்கொண்டு நின்றதைக் கவனித்துவிட்டு, "தம்பி, அந்தா அந்த வெள்ளக் கோடு தெரியுதா, அதுக்கு மேல பாருங்க. இப்பக் கிளம்பும்" என்றார். பாறை மேல் எச்சம் வழிந்த தடம்தான் அவர் சொன்ன வெள்ளைக் கோடு. அதற்குக் கொஞ்சம் மேலே கல்லோடு கல்லாக ஒரு பறவை. நெடுநேரம் அசையவே இல்லை. திடீரென்று மாடப்புறாக் கூட்டம் ஒன்று அந்த வழியாக வர, அது மேலே எழும்பி இறக்கையை ஒடுக்கிக்கொண்டு கீழே பாய்ந்தது. புறா தப்பித்துவிட்டது. "நாலு வாட்டி பாஞ்சா ஒரு வாட்டி மாட்டும்" என்று சொல்லிவிட்டு அவர் வேறு பேச்சுக்குப் போய்விட்டார். எனக்கு அன்று முழுக்க வேறு நினைப்பே வரவில்லை.

கிளம்பும்போது அவர் ஒன்று கேட்டார்: "சோத்துப் பொட்டலம் கொண்டாந்தீகளா? பையையும் தாளையும் இங்கன போட்றாதீக. சோத்து வாசத்துக்கு ஆடு பையோட தின்னுரும். வயித்துல சிக்கிச் செத்துப் போகும்." அமைதி தேடிப் போகிறவர்கள் எல்லாரும் இதைத் தயவுசெய்து மனதில் வையுங்கள். நமக்கு அது ஒரு நாள் போய்வரும் இடம். அவருக்கு அதுதான் பிழைப்பு.

குன்றில் பாண்டியர் காலத்துக் குடைவரைச் சிவன் கோயில் இருக்கிறது. சைவத்தில் பாசுபதப் பிரிவின் குருவாகக் கருதப்படும் லகுலீசரின் சிற்பம் அங்கே உண்டு, தமிழ்நாட்டில் அது அபூர்வம். இன்னொரு பக்கம் சமணத் துறவிகள் தங்கிய குகைத்தளம், மேலே தமிழ்ப் பிராமி எழுத்து. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே பேசாமல் இருக்க இடம் தேடி இங்கே வந்து சேர்ந்திருக்கிறார்கள். அந்தக் குகை வாசலில் உட்கார்ந்தால் காற்று ஒரே சீராக வருகிறது. அவர்கள் ஏன் இதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

இந்த இடம் இன்றைக்கும் நமக்கு இருக்கிறதென்றால் அது ஊர்க்காரர்களால்தான். மேலூர் வட்டாரத்தில் கிரானைட்டுக்காக அறுத்துத் தள்ளிய குன்றுகளை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். 2024 நவம்பரில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கான ஏலச் செய்தி வந்தபோது அந்த ஏலப் பகுதிக்குள் அரிட்டாபட்டியும் வந்தது. 2025 ஜனவரியில் சுற்றுவட்டாரக் கிராமத்து மக்கள் மேலூரிலிருந்து மதுரை தமுக்கம் வரை திரண்டு வந்தார்கள். அந்த மாதமே ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. அன்று எங்கள் கடை வாசல்வரை அந்தப் பேச்சுத்தான். அதற்கு அப்புறம் நான் அங்கே போகும்போது நடக்கிற விதமே மாறிவிட்டது.

சரி, உங்களுக்கு இப்படி இடங்கள் இருந்தால் சொல்லுங்கள். அங்கே யாரைப் பார்த்தீர்கள், என்ன நடந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னால் நன்றாக இருக்கும்.

திருநகர் வாசகி:

அண்ணன் எழுதியதைப் படித்ததும் நானும் எழுத வேண்டும் என்று தோன்றியது. ஆனால் ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆண்கள் தனியாக ஒரு பாறையில் போய் உட்கார்ந்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒரு பெண் தனியாக உட்கார்ந்தால் பத்து நிமிஷத்தில் இரண்டு வண்டி நிற்கும். அதனால் எங்களுக்கு இடம் அழகாக இருந்தால் மட்டும் போதாது, பக்கத்தில் ஊர்ப் பெண்களும் இருக்க வேண்டும்.

எனக்குக் கிடைத்த இடம் கீழக்குயில்குடி சமணர் மலை அடிவாரம். நாகமலை புதுக்கோட்டைப் பக்கம். எங்கள் வீட்டிலிருந்து தொலைவு இல்லை. அடிவாரத்தில் அய்யனார் கோயில், பெரிய பெரிய குதிரைச் சிலைகள், தாமரைக் குளம், விழுது இறங்கிய ஆலமரங்கள். நான் என் அத்தையைக் கூட்டிக்கொண்டு போவேன். மாமா இறந்த பிறகு அத்தை வீட்டை விட்டு வெளியே வருவதே இல்லை. டாக்டர் "கொஞ்சம் வெளியே நடக்கச் சொல்லுங்க" என்றார். பூங்காவுக்குக் கூப்பிட்டால் வர மாட்டார், கோயில் என்றால் வருவார். அதனால் அங்கே கூட்டிப் போனேன்.

முதல் தடவை போனபோது நூறு நாள் வேலைக்கு வந்த பெண்கள் மதியச் சாப்பாட்டுக்கு ஆலமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் "எங்கிட்டிருந்து வர்றீக? வாங்க, இங்கன நெழல்ல உக்காருங்க" என்று தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தார்கள். அதில் ஓர் அம்மாவுக்கும் கணவர் இல்லை. அத்தையும் அவரும் பேச ஆரம்பித்தவர்கள் நான் எழுந்து குளத்தைச் சுற்றிவிட்டு வந்தும் பேசிக்கொண்டே இருந்தார்கள். வீட்டில் எங்களிடம் சொல்லாத எத்தனையோ விஷயத்தை அத்தை அங்கே சொன்னார். எனக்கு அன்றைக்குச் சத்தமில்லாமல் இருந்தது குளம் மட்டும்தான். அத்தைக்கு வேண்டியிருந்தது அந்தப் பேச்சு.

மேலே ஏற முடிந்தவர்கள் ஏறுங்கள். பாறையில் படி வெட்டியிருக்கிறார்கள். செட்டிப்புடவில் பெரிய தீர்த்தங்கரர் சிற்பம், பேச்சிப்பள்ளத்தில் வரிசையாகச் சிற்பங்கள், கீழே வட்டெழுத்து, பக்கத்தில் சுனை. 9, 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அதன் மேல் பெயர் கீறி வைத்திருக்கிறார்கள் சில பேர். பார்க்கவே வயிறு எரிகிறது. கழிப்பறை வசதியை மட்டும் நம்பிப் போகாதீர்கள். வயதானவர்களைக் கூட்டிப் போகிறவர்கள் அதற்குத் தகுந்த மாதிரி நேரத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

கண்மாய்க்கரை:

பறவைக்காக அலைகிறவன் நான். எனக்குத் தெரிந்த இரண்டு இடங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, மேலூரிலிருந்து திருப்பத்தூர் போகிற வழியில் வேட்டங்குடி. சிவகங்கை மாவட்டம். வேட்டங்குடி, பெரிய கொள்ளுக்குடிப்பட்டி, சின்ன கொள்ளுக்குடிப்பட்டி என்று மூன்று கண்மாய்கள் சேர்ந்ததுதான் சரணாலயம். 1977ல் அறிவித்தார்கள். மொத்தமே 38 ஹெக்டேர் சொச்சம். மழைக்காலம் பிடித்துவிட்டால் கண்மாய்க்குள் நிற்கும் கருவேல மரங்களில் நத்தை குத்தி நாரை, கரண்டிவாயன், பாம்புத்தாரா, வக்கா என்று கூடு கூடாகத் தெரியும்.

கொள்ளுக்குடிப்பட்டியில் தீபாவளிக்கு வெடி கிடையாது. பறவைகள் மிரண்டு கூட்டை விட்டுப் போய்விடும் என்று தலைமுறை தலைமுறையாக ஊரே கட்டுப்பாடாக விட்டுவிட்டது. கல்யாணம், திருவிழா என்றாலும் அதே கட்டுப்பாடு. தீபாவளிக்கு வனத்துறை ஊருக்குள் வந்து இனிப்பு கொடுத்து நன்றி சொல்வதுண்டு. நான் ஒரு தீபாவளி மறுநாள் அங்கே போயிருந்தேன். மதுரையில் புகையும் வெடித்தாளும் கிடந்த தெருவிலிருந்து கிளம்பிப் போனவனுக்கு அந்த ஊர் வாசலில் வெறும் கோலம் மட்டும் இருந்ததைப் பார்த்ததே பெரிய விஷயமாக இருந்தது. கரையில் ஒரு சின்னப் பையன் நின்றான். "வெடி இல்லைன்னு வருத்தமா இல்லையாடா?" என்று கேட்டேன். "குஞ்சு கீழ விழுந்துரும்ல" என்றான், இதெல்லாம் ஒரு கேள்வியா என்கிற மாதிரி. அவன் முகத்தை இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

இரண்டாவது, ரொம்பப் பக்கம், விமான நிலையம் இருக்கிற திசையில் சாமநத்தம் கண்மாய். விடிகிற நேரத்தில் போனால் கூழைக்கடாவும் அரிவாள் மூக்கனும் நிறைய இருக்கும். இதையும் சரணாலயமாக அறிவிக்கச் சொல்லிப் பறவை ஆர்வலர்கள் கேட்டு வருகிறார்கள். போகிறவர்கள் கரையிலேயே நில்லுங்கள். படம் எடுப்பதற்காகத் தண்ணீர்ப் பக்கம் இறங்கினால் மொத்தக் கூட்டமும் எழும்பிவிடும்.

செங்கல்பட்டுக்காரன்:

கண்மாய்க்கரை சொன்னது எங்கள் வேடந்தாங்கலுக்கும் அப்படியே பொருந்தும். சென்னைக்காரர்களுக்காகச் சொல்கிறேன். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட ஆரம்பித்தபோது ஊர்க்காரர்கள் கலெக்டரிடம் போய் நின்று, யாரும் சுடக் கூடாது என்று எழுதி வாங்கியிருக்கிறார்கள். 1798ல் எழுதிக் கொடுத்தவர் லயனல் பிளேஸ். அவர்களுக்குக் கணக்குத் தெரிந்திருந்தது. பறவை எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் பாய்ந்தால் வயலுக்குத் தனியாக எரு வேண்டாம்.

போகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள். நவம்பருக்கு முன்னால் போனால் பெரும்பாலும் வெறும் மரம்தான் இருக்கும். டிசம்பர், ஜனவரிதான் நல்ல காலம். சாயங்காலம் பறவைகள் கூடு திரும்புகிற நேரத்தில் கரையில் இருங்கள். கூட்டம் ஒத்துக்கொள்ளாதவர்கள் பக்கத்தில் இருக்கும் கரிக்கிலி பறவைகள் சரணாலயத்துக்குப் போய்விடலாம். நான் என் மகளுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்ததே அந்தப் பக்கத்துச் சாலையில்தான்.

தெற்குவாசல்:

எல்லாருக்கும் நன்றி. திருநகர் சகோதரி சொன்னதை நான் யோசித்துப் பார்த்ததே இல்லை. அரிட்டாபட்டிக்கு வருவதாக இருந்தால் குடும்பத்தோடு வாங்க. காலையிலேயே வந்துவிடுவது நல்லது. பத்து மணிக்கு மேல் பாறை சுட ஆரம்பித்துவிடும், மேலே நிழலும் இல்லை. குடிதண்ணீர் கையோடு கொண்டு வாங்க. குடைவரைக்குப் போகிற வழியை ஊருக்குள் யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள், சில சமயம் கூடவே நடந்து வந்தும் காட்டுவார்கள். சுனைத் தண்ணீரில் கை கால் கழுவாதீர்கள், அங்கே இருக்கும் உயிர்களுக்குக் கோடையில் அதுதான் குடிக்கத் தண்ணீர்.

கொள்ளுக்குடிப்பட்டிக்கு இந்த மழைக்காலத்தில் போகலாம் என்று இருக்கிறேன். கண்மாய்க்கரை, எந்த மாதம் கூடு அதிகம், வண்டியை எங்கே நிறுத்தினால் பறவைகளுக்குத் தொந்தரவு இருக்காது என்று கொஞ்சம் எழுதுங்கள். கடையில் கூட வேலை பார்க்கிற இரண்டு பையன்களும் வருகிறேன் என்கிறார்கள். தொலைநோக்கி இல்லாமல் கரையிலிருந்து எவ்வளவு தெரியும் என்பதையும் சொன்னால் உதவியாக இருக்கும்.