நாரி வலிக்காரனுக்கு சைட்மவுண்ட் சரிவருமா?

காரைநகர்ப் பொடியன்:
வணக்கம். திருமலையில் ஓப்பன் வோட்டர் என்ற ஆரம்ப டைவிங் கோர்ஸ் முடித்து 22 டைவ் ஆகிவிட்டது. நாரிதான் கரைச்சல், சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு வள்ளத்தில் எழும்பும்போது உயிர் போகிறது. சிலிண்டரை முதுகில் இல்லாமல் உடம்பின் இரண்டு பக்கமும் கொழுவுகிற சைட்மவுண்டில், தண்ணீருக்குள் இறங்கின பிறகே அதைக் கொழுவலாமாம், உண்மையா? இன்னொரு ஆசை, மட்டக்களப்புக் கடலில் மூழ்கிக் கிடக்கும் ஹெர்மிஸ் கப்பலை ஒருநாள் பார்க்க வேண்டும். அதற்கு எப்படியும் டெக்னிக்கல் (ஆழ டைவுக்கான மேற்பயிற்சி) தேவை என்றால் சாதாரண சைட்மவுண்ட் கோர்ஸை விட்டுவிட்டு நேரே டெக் சைட்மவுண்ட் செய்யலாமா? காசும் மிச்சம்.

திருமலைத் தவளை:
தம்பி, நாரிக்கு நல்லதுதான். வள்ளத்தில் இருந்து ஒவ்வொன்றாகத் தருவார்கள், நீர் தண்ணீரில் மிதந்தபடி கொழுவலாம். ஆனால் நேரே டெக் வேண்டாம். அலுமினியம் சிலிண்டர் நிறைய இருக்கும்போது ஒழுங்காகக் கிடக்கும், காற்றுக் குறையக் குறைய அடிப்பக்கம் மேலே எழும்பத் தொடங்கும். என் முதல் டைவில் இரண்டும் மாட்டுக் கொம்பு மாதிரி நின்றதாம், பின்னால் வந்தவர் கரையில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். சிலிண்டரின் கீழ்க் கிளிப்பைப் பின் வளையத்தில் இருந்து இடுப்புப் பட்டியின் முன் வளையத்துக்கு மாற்றினால் திரும்பப் படுத்துவிடும், ஆனால் அந்த வளையத்தைப் பார்க்காமல் விரலால் தேடிக் கொழுவ எனக்கு நாலு டைவ் எடுத்தது. பிறகு மூச்சுக் கணக்கு. இரண்டுக்கும் தனித்தனி றெகுலேற்றர் (மூச்சு இழுக்கும் கருவி), தனித்தனி அழுத்த மானி, இரண்டும் 200 பார் அழுத்தத்தில் தொடங்கினால் இடதை 170 வரை, வலதை 140 வரை, திரும்ப இடதை 110 வரை என்று மாறி மாறி இழுக்க வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் குடித்தால் சரிந்துவிடுவீர், அதைவிட, மற்றப் பக்கம் பழுதானால் கையில் ஒன்றும் இராது.

ஆழக்காரி:
அண்ணை சொன்னது சரி. இரண்டு சிலிண்டர் கட்டினால் டெக் ஆகிவிடாது தம்பி. ஹெர்மிஸ் 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் தாழ்த்திய கப்பல், கிடப்பது ஏறத்தாழ 53 மீற்றரில். பொழுதுபோக்கு டைவின் எல்லையே 40. அந்த ஆழத்தில் சாதாரணக் காற்று தலையை வெறிக்கப் பண்ணும், மேலே வரும்போது நிறுத்தி நிறுத்தித்தான் வரலாம், அந்த நிறுத்தங்களுக்கு ஒட்சிசன் கூடின கலவையோடு மூன்றாவது சிலிண்டர், சிலவேளை நாலாவதும். அதைத் தவறுதலாக ஆழத்தில் வாயில் வைத்தால் வலிப்பு வரும், அங்கே வலிப்பு என்றால் முடிந்தது. இரண்டு சிலிண்டரையே பிசகாமல் மாற்றத் தெரியாதவருக்கு நாலு எதற்கு? எங்கள் சித்தப்பா கடலட்டை எடுக்க சிலிண்டரோடு இறங்கி அவசரத்தில் ஒரே மூச்சாக மேலே வந்தவர், இன்றைக்கும் ஒரு காலை இழுத்துத்தான் நடக்கிறார்.

புத்தூரான்:
அப்ப நிலாவரைக் கிணற்றுக்குள் சைட்மவுண்டில் இறங்கலாமோ? மேலே நன்னீர், கீழே உப்பு, எங்கே போகுது என்று பார்த்துச் சொல்லுங்கோ :)

ஆழக்காரி:
பகிடியாக எழுதினாலும் சைட்மவுண்டின் பிறப்பே குகைதான். 1960களில் இங்கிலாந்தில் நீர் நிறைந்த குகை இடுக்குகளில் ஊர்ந்தவர்கள் முதுகுச் சிலிண்டர் தட்டுப்படுகிறதென்று பக்கத்துக்கு மாற்றினார்கள். ஆனால் தலைக்கு மேல் கூரை இருக்கிற இடத்துக்குத் தனிப் பயிற்சி. கிணற்றை விடுங்கோ.

காரைநகர்ப் பொடியன்:
சரி அக்கா, விளங்கிவிட்டது. வாடை தொடங்கமுன் திருமலையில் சாதாரண கோர்ஸைச் செய்கிறேன். அண்ணை, அந்த முன் வளையத்தை வீட்டில் இருந்தே கண்ணை மூடிப் பழகலாமோ?

திருமலைத் தவளை:
பழகலாம். கையுறை போட்டுக்கொண்டு பழகும்.