புதைபடிவ நீர்த்தெள்ளுக்குப் புதிய பேரினம் எப்போது தேவைப்படுகிறது?

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். நான் முதுகலை விலங்கியல் மாணவி. நீர்த்தெள்ளு என்னும் நுண்ணிய நன்னீர் ஓட்டுயிரிகளைப் பற்றிக் கேட்கிறேன். மங்கோலியாவின் ஹோடோன்ட் என்னுமிடத்தில் கிடைத்த, ஏறத்தாழ 14.5 கோடி ஆண்டுப் பழமையுள்ள புதைபடிவங்களை ஆய்வாளர்கள் கோதோவும் டெய்லரும் 2011இல் இன்றும் வாழும் டாஃப்னியா பேரினத்திலேயே சேர்த்தார்கள். அதே கோதோவ் 2007இல் ஜுராசிக் காலப் படிவங்களை ஆராய்ந்தபோது, ஸ்மிர்னோவிடாஃப்னியா என்ற புதிய பேரினத்தை நிறுவியதோடு, அற்றுப்போன ஒரு வரிசையையும் (குடும்பத்துக்கு மேலான வகைப்பாட்டு நிலை) முன்மொழிந்தார். இந்த வேறுபாட்டுக்கு என்ன அடிப்படை?

முதல் மறுமொழி:
எந்த உறுப்பு கல்லில் தங்கியிருக்கிறது என்பதே அடிப்படை. ஹோடோன்டில் கிடைத்தவை எபிப்பியங்கள், அதாவது வறட்சியையும் குளிரையும் தாங்குவதற்காகத் தாய் உதிர்க்கும் தடித்த முட்டைக்கூடுகள். டாஃப்னியாவின் கூட்டில் இரண்டு முட்டைகளுக்கு இடம் உண்டு. மற்றொரு நீர்த்தெள்ளுப் பேரினமான சைமோசெபாலஸின் கூட்டில் ஒன்றுக்குத்தான் இடம். முட்டையறைகளின் அச்சு முதுகு விளிம்புக்குச் செங்குத்தாக இருந்தால் டாஃப்னியா துணைப்பேரினம் என்றும், ஏறக்குறைய இணையாகச் சாய்ந்திருந்தால் டெனோடாஃப்னியா துணைப்பேரினம் என்றும் பிரிக்கிறோம். இப்பண்புகள் கல்லிலும் அப்படியே தெரிந்ததால் புதிய பெயருக்கு அங்கே தேவை எழவில்லை. பழமை மட்டுமே பேரினப் பண்பு ஆகாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

ஸ்மிர்னோவிடாஃப்னியாவைப் போல உடலே பதிந்திருந்தால் நிலைமை வேறு. இன்றைய டாஃப்னியாவின் நீந்தும் உணர்கொம்பில் ஒரு கிளைக்கு நான்கு கணுக்களும் மற்றதற்கு மூன்றும் உண்டு. கணுக்களையும் மயிர் போன்ற தூவிகளையும் தலையின் வடிவத்தையும் வால்நகத்தையும் ஒவ்வொன்றாக ஒப்பிட்ட பிறகு, வாழும் எந்தப் பேரினத்தின் வரையறைக்குள்ளும் அது அடங்கவில்லை என்றால் மட்டுமே புதிய பேரினத்தைப் பற்றிப் பேச வேண்டும்.

இரண்டாம் மறுமொழி:
மேலே சொன்னதை ஏற்கிறேன். விலங்குப் பெயரிடல் விதிகளின்படி, 1930க்குப் பிந்தைய புதிய பேரினத்துக்கு வேறுபடுத்தும் வரையறையும், அப்பேரினப் பெயருக்கு ஆதாரமான மாதிரிச் சிற்றினமும் கட்டாயம். 1999க்குப் பிந்தைய சிற்றினத்துக்கு மாதிரியுருவை, அதாவது பெயருக்கு ஆதாரமான உண்மைப் பொருளை, தெளிவாகக் குறிப்பிட வேண்டும். பெயர் விலங்குலகில் வேறெந்தப் பேரினத்துக்கும், அது ஒரு வண்டாகவே இருந்தாலும், முன்பே சூட்டப்பட்டிருக்கக் கூடாது.

பேரினத்தை நிறுவுவதும் அதற்கு உறவு கற்பிப்பதும் தனித்தனி முடிவுகள் என்பதையும் மறக்க வேண்டாம். ஸ்காட்லாந்தின் டெவோனியன் காலக் கல்லிலிருந்து 2003இல் விவரிக்கப்பட்ட எபுல்லிடியோகாரிஸ் பேரினமாக நிற்கிறது. ஆனால் அது நீர்த்தெள்ளுதானா என்பதில் இன்னும் கருத்தொற்றுமை இல்லை.

கேட்டவர்:
மிக்க நன்றி. நசுங்கிய ஒரே ஒரு பதிவு மட்டும் கையில் இருந்தால் என்ன செய்வது?

முதல் மறுமொழியாளர்:
சாய்ந்த ஒளியில் பல கோணங்களில் படமெடுங்கள், அம்மா. ஒளியின் திசை மாறும்போது மறையும் கோடு பெரும்பாலும் அழுத்தத்தால் விழுந்த மடிப்பாகவே இருக்கும். அதைக் கணுவென்று எண்ணிவிடக் கூடாது. அதன் பிறகும் ஐயம் நீங்காவிட்டால் குடும்பம் வரை மட்டும் அடையாளப்படுத்தி, பேரினம் முடிவாகவில்லை என்று எழுதி வெளியிடுங்கள்.